பாக்ஸ்டர் வீட்டுப் பெண்கள்

யாங்கோன் நகரத்தின் கியாக்டடாவில், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டுக்குக் கீழே எனக்கு ஒரு மேசை உண்டு. பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ் என்று பர்மிய மொழியில் எது வந்தாலும் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தட்டச்சு செய்து கொடுப்பேன். இப்போது யாங்கோனில் ஓய்வில்லாமல் நடக்கும் தொழில் இதுதான். ஊரே கிளம்பிக்கொண்டிருக்கிறது. மீசை முளைக்காத பிள்ளைகள்கூட வரிசையில் நின்று, போகப்போகும் நாட்டின் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள்.

அவர்கள் கொண்டுவரும் வெளிநாட்டு விண்ணப்பங்களில் குடும்பப் பெயருக்கு என்று ஒரு கட்டம் இருக்கும். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவுக்கு ஒரு பெயர், அம்மாவுக்கு ஒரு பெயர், பிள்ளைக்கு இரண்டிலும் சேராத இன்னொரு பெயர். அதில் அவர்களுக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். சிலர் தங்கள் பெயரையே வெட்டிப் பின்பாதியை அதில் போடுவார்கள். ஒருவன் ஊர்ப்பெயரை எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். இது இல்லாவிட்டால் விட மாட்டார்களா சயாமா என்று கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். விட மாட்டார்கள் என்பேன். இத்தனை நாள் அது இல்லாமல் நிம்மதியாகத்தானே இருந்தீர்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் அந்தக் கட்டத்துக்கு ஒரு பெயர் இருந்தது. பாக்ஸ்டர். அசல் ஆங்கிலப் பெயர். அதைக் காப்பாற்றுகிறேன் என்று என் அண்ணன் பெற்ற மகளை வீட்டைவிட்டு விரட்டினார். அவர் கண்மூடுவதற்குள் அவளை ஒருமுறையாவது அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும் என்று நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கொள்ளுத்தாத்தா தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்து, யாங்கோன் ஆற்றங்கரையில் அலோன் துறையில் மூட்டை தூக்கினார். அவருடைய கூட்டத்துக்கு மேலே பாக்ஸ்டர் என்று ஒரு துரை. அந்தத் துரையே ஞானத்தகப்பனாக நின்று கொள்ளுத்தாத்தாவுக்கு ஞானஸ்நானம் செய்வித்து, தன் பெயரையும் கொடுத்தார் என்பது அண்ணன் சொல்லும் கதை. துறையில் எந்தத் துரையின் கீழ் வேலையோ அந்தத் துரையின் ஆள் என்றுதான் கூப்பிடுவார்கள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது என்பது அம்மா சொன்னது. நான் அம்மா பக்கம். அண்ணனுக்கு இதற்கும் மேலே ஒரு சந்தேகம் இருந்தது. துரைக்கும் நமக்கும் இரத்த உறவே இருக்கலாம் என்று பூடகமாகச் சொல்வார். வீட்டில் எல்லோரும் நல்ல கறுப்பு. கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்று சொல்ல வாய் வரும், அடக்கிக்கொள்வேன்.

நாடு சுதந்திரம் பெற்ற பிறகு, வார்டு அலுவலகத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் குடும்பப் பட்டியல் எழுதினார்கள். தாத்தா தன் முழுப் பெயரையும் சொல்லியிருக்கிறார். எழுதியவருக்கு ஒரு மனிதனுக்கு எதற்கு இரண்டு பெயர் என்று விளங்கவில்லை. கடைசியாகக் காதில் விழுந்ததை மட்டும் எழுதிக்கொண்டார். தாத்தா அன்றிலிருந்து ஊ பாக்ஸ்டர்; ஊ என்பது பெரியவர்கள் பெயருக்கு முன்னால் இங்கே போடும் மரியாதை. அப்பாவுக்கு அடையாள அட்டை வாங்கும் வயது வந்தபோது, எங்கள் வீட்டுப் பெயர் பாக்ஸ்டர் என்று சொன்னதற்கு அவரையும் பாக்ஸ்டர் என்றே எழுதினார்கள். அண்ணனும் அப்படியே. பாக்ஸ்டரின் மகன் பாக்ஸ்டர், அவர் மகன் பாக்ஸ்டர். புதிதாக வந்த எழுத்தர் ஒருவர் ஏட்டைப் புரட்டிவிட்டு, இந்தக் கிழவர் சாகவே மாட்டாரா என்று கேட்டாராம்.

பெண்களுக்கு இந்தக் குழப்பமே வரவில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பர்மியப் பெயர்தான் அட்டையிலும் ஏறியது. பாக்ஸ்டர் அதில் இல்லை. ஏன் இல்லை என்று நானும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. எழுத்தரின் சோம்பலில் ஆரம்பித்தது, நாளடைவில் எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது.

அண்ணன் துறைமுகக் கிடங்கு ஒன்றில் கணக்கராக இருந்தார். கைலிக்கு மேலே வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல். கையெழுத்துப் போடும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவார். அண்ணி இறந்த பிறகு நான் அந்த வீட்டுக்கே வந்து அவர்களுடைய ஒரே மகளை வளர்த்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி வருத்தமும் இல்லை. அவள் என் கையில்தான் வளர்ந்தாள். ஆண் வாரிசு இல்லையே என்ற ஏக்கத்தை அண்ணன் அவளிடமே சொல்லிச் சொல்லி வளர்த்தார். கெட்ட மனிதர் இல்லை. பாசம் உண்டு, காட்டத் தெரியாது என்று நானே பலரிடம் பரிந்து பேசியிருக்கிறேன்.

அவளுக்கு வயது வந்ததும் அவர் ஒரு திட்டம் போட்டார். எங்கள் சபையில் தாய் தகப்பன் இல்லாத ஒரு பையன் இருந்தான். அவனை வீட்டோடு மாப்பிள்ளையாக்கி, பிறக்கிற ஆண் குழந்தைக்கு பாக்ஸ்டர் என்று வார்டு அலுவலகத்தில் எழுதிவிடுவது. பையனும் சரி என்று சொல்லிவிட்டான். அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவள் அதற்குள் ஒரு பர்மியப் பையனைப் பார்த்து வைத்திருந்தாள். புத்த மதம், ஆற்றுக்கு அப்பால் தொழிற்சாலைகள் நிறைந்த லைங் தாயாவில் வேலை. தலைகீழாக நின்றாலும் சம்மதிக்க மாட்டேன் என்றார் இவர். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனவள், திரும்பி வரவில்லை.

அடுத்த நாளே அண்ணன் வார்டு அலுவலகத்துக்குப் போய்க் குடும்பப் பட்டியலிலிருந்து அவளை எடுத்துவிட்டார். வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இங்கே பட்டியலில் இல்லாதவர் ஒரு வீட்டில் இரவு தங்கினால், விருந்தாளி என்று அலுவலகத்தில் பதிய வேண்டும். தான் பிறந்த வீட்டில் தூங்குவதற்கு அவள் விருந்தாளியாகப் பதிந்துகொள்ள வேண்டும். அப்படித்தான் அவர் கதவைச் சாத்தினார்.

ஆண்டுகள் போயின. அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் போய்ப் பார்க்கவில்லை. நான் மட்டும் மாதம் ஒருமுறையாவது லைங் தாயா போய்வருவேன். துணித் தொழிற்சாலையில் கழுத்துப்பட்டி தைக்கும் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். காலையில் இருட்டு பிரியும்போதே ஃபெரி வந்துவிடும். ஆள் ஏற்றும் தொழிற்சாலை வண்டியை இங்கே ஃபெரி என்பார்கள். தகர வீட்டில் ஒரே அறை. அவள் கணவன் வாய் பேசாதவன்போல் இருப்பான். நான் போனால் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, நாங்கள் பேசட்டும் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவான். நான் இதை அண்ணனிடம் சொன்னால், சாப்பாடு ஆறுகிறது என்பார்.

பிறகு அவருக்கு இதயம் வீங்கிவிட்டது. மாடி ஏற முடியவில்லை, மல்லாந்து படுக்க முடியவில்லை. ஆற்றைப் பார்த்த ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டு, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடட்டும் என்றார். பார்க்க வேண்டியவள் ஒருத்திதான். அவளிடம் சொன்னேன். அழுதாள். அப்பா கூப்பிட்டால் வருகிறேன் என்றாள். இவரிடம் சொன்னேன். சொல்லாமல் போனவள்தானே, கூப்பிடாமல் வரட்டும் என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் பேருந்தில் அலைந்ததுதான் மிச்சம். இரண்டு பேரையும் அறைய வேண்டும்போல் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியானம், வாடிக்கையாளர் ஒருத்தி, குடும்பப் பெயர் என்றால் உண்மையில் என்ன, அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவள் போன பிறகு, 'மீ' வந்தது. மின்சாரத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இணையத் தடையைத் தாண்ட வி.பி.என். போட்டுக் கைப்பேசியில் எங்கள் பெயரையே தேடிப் பார்த்தேன். இத்தனை வருடம் ஏன் தேடவில்லை என்றால், அது அண்ணனுடைய சொத்து என்று நினைத்திருந்தேன்.

பாக்ஸ்டர் என்பது ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வழங்கிய பெயர். ரொட்டி சுடுகிற தொழில். தெற்கே அதே தொழில்காரர்களுக்கு பேக்கர் என்று பெயர் விழுந்தது. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. பழைய ஆங்கிலத்தில் ரொட்டி சுடுகிறவனுக்கு ஒரு சொல், சுடுகிறவளுக்கு வேறு சொல். அந்தப் பெண்ணுடைய சொல்தான் தேய்ந்து பாக்ஸ்டர் ஆகியிருக்கிறது. நெய்கிறவள் வெப்ஸ்டர், பீர் காய்ச்சுகிறவள் ப்ரூஸ்டர். ஏதோ ஒரு குளிர்நாட்டு ஊரில், அடுப்பு முன்னால் வியர்த்து நின்ற ஒரு பெண்ணைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்போது அது குடும்பப் பெயரும் இல்லை. தொழில் மாறினால் பெயரும் மாறிவிடும். பின்னால் வரிக்காரர்களும் ஏடு எழுதுகிறவர்களும் வந்தார்கள், பெயர் நிலைத்துவிட்டது. அந்தச் சொல் பெண்ணுடையது என்பது மறந்துபோய், ஆண்களும் அதே பெயரில் ரொட்டி சுட்டார்கள். அப்புறம் அப்பன் பெயர் மகனுக்கு. பெண் கல்யாணமாகிப் போனால் அவளுக்கு அந்தப் பெயர் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. அங்கேயும் ஏடு எழுதுகிறவன்தான் வேலையைக் காட்டியிருக்கிறான். கடையை நேரத்தோடு கட்டிவிட்டு அலோனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பேருந்து ஏறினேன். அண்ணனிடம் இதைச் சொன்னால் மனம் இளகும் என்று நம்பினேன். ஆண்பிள்ளை இல்லை, ஆண்பிள்ளை இல்லை என்று மகளைத் தொலைத்தாரே, அந்தப் பெயரைக் கொடுத்ததே ஒரு பெண்தான் என்று தெரிந்தால் மனிதர் வெட்கப்பட மாட்டாரா. நான் செய்தது தப்பென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அவர் முழுவதும் கேட்டார். கைப்பேசியை வாங்கித் தூரத்தில் பிடித்து அவரே படித்தார். ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். ரொட்டிக்காரியா என்று ஒருமுறை கேட்டார். சில நாள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சியைப் பாதியில் வைத்துவிடுவார். நொறுங்கிவிட்டாரோ என்று பயந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, இனி வழிக்கு வருவார் என்று.

ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டுச் சவரம் செய்துவிடச் சொன்னார். செய்துவிட்டேன். முகம் தெளிவாக இருந்தது.

"அந்தப் புள்ளையக் கொண்டாரச் சொல்லு," என்றார். "நம்ம வீட்டுப் பட்டியல்ல சேத்துரலாம். பாக்ஸ்டர்னு எழுதணும். பொம்பளப் பேருதான அது, நீதான சொன்ன."

"அவ பேரு, அண்ணே? மகளையும் திரும்பச் சேத்துருவீங்களா?"

"அவ கொண்டாந்து விடட்டும். அவ இஷ்டம்."

மகளைச் சேர்ப்பதாக அவர் சொல்லவில்லை. இருந்தாலும் வரச் சொல்லிவிட்டாரே, வந்து முகத்தைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் தானாகக் கரைந்துவிடும் என்று என்னைத் தேற்றிக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை லைங் தாயாவுக்குப் போனேன். பாலத்தில் சிப்பாய்கள் வண்டியை நிறுத்தி எல்லோருடைய அட்டையையும் பார்த்தார்கள். வெயில் கொளுத்தியது. அவள் குழந்தையின் கன்னத்தில் தனகாக் கட்டையைச் சந்தனம்போல் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குத் தமிழ் வராது. அத்தைப்பாட்டி என்று நான் சொல்லிக்கொடுத்ததை மட்டும் பாடம்போல் ஒப்பிக்கும்.

நான் சொன்னதை அவள் கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்பா என்னய வரச் சொன்னாரா, இல்ல பாப்பாவக் கொண்டாரச் சொன்னாரா?"

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

"ரெண்டும் ஒண்ணு இல்ல அத்தை."

பிறகு அவள் பர்மியத்துக்கு மாறிவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போதாது. என் அட்டையில் அந்தப் பெயர் இல்லை, உங்கள் அட்டையிலும் இல்லை, அதைக் கேட்டு நாம் அழவும் இல்லை என்றாள். என் மகளுக்கு நானும் அவள் அப்பாவும் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் இருக்கிறது, அதை அழித்துவிட்டுத்தான் அவளைப் பார்ப்பார் என்றால் பார்க்க வேண்டாம் என்றாள். குடையை எடுத்துக்கொண்டு நான் எழுந்தபோது, கையைப் பிடித்து உட்கார வைத்துத் தமிழில் சொன்னாள்.

"ஒரு தடவ என் பேரச் சொல்லிக் கூப்பிடட்டும் அத்தை. போன்லயே போதும். அன்னிக்கே வேலைய விட்டுட்டு வந்துருவேன்."

இதைவிட மலிவாக யாரும் கேட்க முடியாது. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் பேத்தி விஷயத்தைச் சொல்லவில்லை. அவள் வருவதற்குத் தயாராக இருக்கிறாள், நீங்கள் பெயர் சொல்லி ஒரு வார்த்தை கூப்பிட வேண்டியதுதான் என்று மட்டும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அவருக்கும் ஆசை இருந்தது, எனக்கு நிச்சயமாகத் தெரியும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார்.

எண்ணை அழுத்தி, மணி அடித்ததும் கைப்பேசியை அவர் கையில் கொடுத்தேன். அவர் காதில் வைத்தார். அந்தப் பக்கம் அவள் 'அப்பா' என்றது எனக்கே கேட்டது. அவர் வாயைத் திறந்தார். மூச்சு வாங்கியது. உதடு ஏதோ எழுத்தில் நின்று நின்று நடுங்கியது. ஜன்னலுக்கு வெளியே படகொன்று ஒலி எழுப்பிப் போனது. அவள் இன்னொருமுறை அப்பா என்றாள். அவர் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து, திரையைக் கைலிமேல் கவிழ்த்து வைத்தார்.

"லைன் போச்சு," என்றார்.

இங்கே லைன் போகாத நாள் ஏது. நாளைக்குக் காலையில் திரும்பப் போடலாம் அண்ணே, காலையில் நன்றாக எடுக்கும் என்று சொல்லி, கைப்பேசியை அப்படியே வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அவருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனேன். மறுநாள் காலையில் அவருக்குப் பேச்சு இல்லை. அதற்கு மறுநாள் உயிரும் இல்லை.

சபையிலிருந்து ஆள்கள் வந்தார்கள். ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். சிலுவையில் பெயர் எழுதுகிறவர், பாக்ஸ்டர், இவ்வளவுதானா, முன்னால் ஒன்றும் இல்லையா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். அவள் கணவனோடும் குழந்தையோடும் நேராகக் கல்லறைக்கு வந்துவிட்டாள். மற்றவர்களுக்குப் பின்னால் நின்று, மண் போட மட்டும் முன்னால் வந்தாள். சத்தம் போட்டு அழவில்லை.

எல்லோரும் போன பிறகு அவளை அணைத்துக்கொண்டேன். எனக்குத்தான் தாங்கவில்லை. அவளுக்கு ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டும் என்று தவித்தேன். உன்னைக் கூப்பிடத்தான் சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு உட்கார்ந்தார், உதட்டுவரை உன் பெயர் வந்துவிட்டது, பாழாய்ப்போன லைன் போய்விட்டது, போகாமல் இருந்திருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பார் என்று சொன்னேன். அது உண்மை என்றே நம்பிச் சொன்னேன்.

அவள் குழந்தையின் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்.

"லைன் போகல அத்தை. அப்பா லைன் போச்சுன்னு சொன்னதும் கேட்டுச்சு. நீங்க தண்ணி மொண்டு ஊத்துனதும் கேட்டுச்சு. அப்புறமும் ரொம்ப நேரம் நான் அப்பா அப்பான்னுதான் கூப்புட்டுட்டு இருந்தேன்."

செருப்பு வாரை இழுத்துப் போட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கணவன் நின்றிருந்த பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.